தறியோரம், வாசகர் கேள்வி பதில்: வால்கிரிகள் நெய்த துணி

சென்ற இதழில், வைக்கிங் காலப் பாடல்களிலிருந்து பிறந்த துணிக்கலை பற்றி எழுதியிருந்தேன். அதில், போரில் சாகப் போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் தெய்வப் பெண்களான வால்கிரிகளின் தறியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. சரி, அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

கேள்வி: வால்கிரிகள் மனிதக் குடலைப் பாவாகக் கட்டி நெய்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது நிஜமாகவே பழைய பாட்டில் இருக்கிறதா, பிற்காலத்தில் யாராவது சேர்த்ததா? அதை வைத்து ஒரு துணிப்படைப்பு செய்ய ஆசை. அருவருப்பாகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.
(கைத்தறி பயிலும் மாணவி)

பதில்: பழைய பாட்டிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட நியால் சாகா என்ற உரைநடைக் கதையின் கடைசிப் பகுதியில் அந்தப் பாட்டு வருகிறது. 1014ஆம் ஆண்டு, புனித வெள்ளி. அயர்லாந்தில் டப்ளினுக்குப் பக்கத்தில் க்ளோன்டார்ஃப் போர் நடக்கிறது. அதே நாள் காலையில், ஸ்காட்லாந்தின் வட கோடியான கேத்னெஸ்ஸில் ஒருவன் பன்னிரண்டு பேர் குதிரையில் வந்து ஒரு குடிலுக்குள் நுழைவதைப் பார்க்கிறான். சன்னல் வழியே எட்டிப் பார்த்தால், உள்ளே பெண்கள் தறி கட்டிப் பாடிக்கொண்டே நெய்கிறார்கள். குடல்தான் பாவு (நீளவாக்கு நூல்), குடல்தான் ஊடை (குறுக்கு நூல்). நெய்து முடித்ததும் துணியைக் கிழித்து, அவரவர் கையில் இருந்த துண்டை வைத்துக்கொண்டு ஆறு பேர் தெற்கேயும் ஆறு பேர் வடக்கேயும் போய்விடுகிறார்கள்.

பரணி படித்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. போர்க்களத்தில் பேய்கள் பிணங்களை வைத்துக் கூழ் காய்ச்சுவதைப் பாடிய மொழி நம்முடையது. நமக்குக் களம் அடுப்படியானது, அவர்களுக்குத் தறியானது.

அருவருப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அந்தப் பாட்டில் குடலைவிடத் தறியைத்தான் கவனித்துப் படிப்பேன். அந்தக் காலத்து வட ஐரோப்பியத் தறி படுத்த தறி அல்ல, நின்ற தறி. இரண்டு கால்கள், மேலே ஒரு உருளை மரம், மொத்தத்தையும் சுவரில் சாய்த்து வைப்பார்கள். பாவு மேலிருந்து தொங்கும். கீழ்முனையில் நூல்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கல்லையோ சுட்ட களிமண் வளையத்தையோ கட்டி விறைப்பாக்குவார்கள். துணி மேலிருந்து கீழாக வளரும். அதனால் ஊடையை மேல்நோக்கித்தான் அடித்து நெருக்க வேண்டும். நின்றுகொண்டே, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே செய்கிற வேலை அது.

இப்போது பாட்டைப் பாருங்கள். கட்டும் கற்களின் இடத்தில் மனிதத் தலைகள். பாவு நூல்களைப் பிரித்து இழுக்கும் விழுதுக் கோல்களின் இடத்தில் இரத்தம் தோய்ந்த ஈட்டிகள். ஊடையைச் சீராக்கும் குச்சியின் இடத்தில் அம்பு. அடிக்கும் பலகையின் இடத்தில் வாள். ஒன்றுகூடத் தப்பான இடத்தில் இல்லை. அதிலும் அந்த வாள் பெரிய கற்பனையே அல்ல. நெசவுப் பலகையை நீளமாக, வாள் வடிவில்தான் செய்தார்கள். மரத்தில் செய்தது உண்டு, திமிங்கில எலும்பில் உண்டு, பணக்கார வீடுகளில் இரும்பிலும் உண்டு. அப்படிப்பட்ட இரும்புப் பலகைகள் பெண்களின் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. பாடியவர் யாரோ, தினமும் தறியைப் பார்த்து வளர்ந்தவர் என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

ஆகவே சிவப்பு நூலில் குடல் தைக்க வேண்டாம். அது மலிவாகப் போய்விடும். துணியைத் தறியிலிருந்து அறுக்காமல், பாதி நெய்த நிலையில் பாவைத் தொங்கவிட்டு, கீழே கற்களோடு அப்படியே காட்சிக்கு வையுங்கள். நான் ஒரு நின்ற தறி கட்டி வைத்திருக்கிறேன். விழுதுக் கோலை இழுக்கும்போதெல்லாம் கற்கள் ஒன்றோடொன்று இடித்துக் களுக் களுக்கென்று சத்தம் போடும். தலைகள் இடித்துக்கொள்கிற சத்தத்தை நினைத்துக்கொள்ள வேறு எதுவும் தேவைப்படாது. தோளும் கழுத்தும் வலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மூன்று நோர்ன் தேவதைகள் விதியை நெய்வதுபோல ஒரு திரை வடிவமைத்திருக்கிறேன். பாவு கடந்தகாலம், ஊடை எதிர்காலம். எப்படி இருக்கிறது?
(ஓவிய ஆசிரியர்)

பதில்: படம் அழகாக இருக்கிறது. ஆனால் பாடல்களில் நோர்ன்கள் நெய்வதில்லை. வோலுஸ்பா என்ற பாட்டில் ஊர்த், வெர்தாந்தி, ஸ்குல்த் மூவரும் மரத்தில் செதுக்குகிறார்கள். நூல் வருகிற இடம் வேறொரு பாட்டு. வீரன் ஹெல்கி பிறந்த இரவில் நோர்ன்கள் வந்து விதியின் புரிகளைப் பலமாக முறுக்குகிறார்கள். பொன் நூலை விரித்து, நிலா மண்டபத்தின் நடுவே கட்டுகிறார்கள். கிழக்கிலும் மேற்கிலும் முனைகளை ஒளித்து வைக்கிறார்கள். வடக்கே ஒரு முனையை வீசிக் கட்டி, அது நிலைக்கட்டும் என்கிறாள் ஒருத்தி.

இது திரையைவிட நல்ல படைப்புக்கு வழி. ஒரு அறையின் உச்சியில் ஒரே ஒரு வளையம், அதிலிருந்து கிழக்கு, மேற்கு, வடக்கு என்று மூன்று பக்கம் இழுத்துக் கட்டிய முறுக்குக் கயிறுகள். தெற்கே எதுவும் கிடையாது. பார்ப்பவர்கள் அந்த வெறும் பக்கத்திலிருந்து உள்ளே வரட்டும்.

கேள்வி: அந்தக் காலத்துத் துணி எதுவும் உண்மையில் மிஞ்சியிருக்கிறதா? எல்லாம் மக்கிப் போயிருக்குமே.
(ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்)

பதில்: நிறைய மக்கித்தான் போனது, ஐயா. மிஞ்சியது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சமே மலைக்க வைக்கிறது.

முதலில் ஒசெபெர்க். நார்வேயில் டொன்ஸ்பெர்க் நகருக்கு அருகே ஒரு பண்ணை மேட்டை 1904இல் தோண்டினார்கள். உள்ளே ஒரு முழுக் கப்பல், அதில் இரண்டு பெண்களின் உடல்கள். மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அடக்கம் நடந்தது 834 என்று தெரிந்தது. ஈரக் களிமண் மூடிக் கிடந்ததால் மரமும் துணியும் பிழைத்தன. கூடவே தறிகள், நூற்கும் சாமான்கள், பட்டுத் துண்டுகள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, துளையிட்ட 52 சின்ன அட்டைகளில் நூல் கோத்தபடி பாதியில் நின்றுபோன ஒரு பட்டை நெசவு. அரசிக்கு ஒப்பான ஒருத்தியை அனுப்பி வைக்கும்போது நகையோடு நிறுத்தாமல், முடியாத வேலையையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அங்கேயே கம்பளி நூலில் செய்த படத்துணிகளும் கிடைத்தன. ஒரு சாண் அளவுதான் அகலம், ஆனால் நீளமானவை. குதிரைகள், வண்டிகள், ஈட்டி தாங்கியவர்கள், நீள உடைப் பெண்கள் என்று ஓர் ஊர்வலமே போகிறது. ஒரு துண்டில் ஒரு மரம். கிளைகளில் மனிதர்கள் தொங்குகிறார்கள். ஹாவமால் பாட்டில் தலைமைக் கடவுளான ஓடின், காற்று வீசும் மரத்தில் ஈட்டிக் காயத்தோடு ஒன்பது இரவுகள் தொங்கியதாகச் சொல்கிறான், அப்பமும் கிடைக்கவில்லை, குடிக்கவும் எதுவும் இல்லை என்று. தொங்குகிறவர்கள் ஓடினுக்குப் பலியானவர்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். துணிகள் கறுத்து ஒட்டிக் கட்டிகளாகக் கிடந்தன. சோஃபி கிராஃப்ட் என்ற ஓவியர் பொறுமையாக உட்கார்ந்து வரைந்து கொடுத்த படங்கள் வழியாகத்தான் இன்று நாம் அந்த ஊர்வலத்தைப் பார்க்கிறோம்.

இரண்டாவது, ஸ்வீடனின் ஓவர்ஹோக்டால் துணிகள். 1910 வாக்கில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் கண்டெடுக்கப்பட்டவை, இப்போது ஒஸ்டர்சுண்டில் யம்ட்லி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெளுத்த லினன் தளத்தில் சிவப்பும் நீலமுமாகக் கம்பளி நூலைப் பாவின் மேல் சுற்றிச் சுற்றிச் செய்த வேலை. மந்தை மந்தையாக விலங்குகள், படகுகள், சின்னச் சின்னக் கட்டிடங்கள், நடுவே ஒரு மரம். அந்த மரம் உலகத்தைத் தாங்கும் யிக்டிரசில், மொத்தப் படமும் ரக்னரோக் என்னும் கடைசிப் போர் என்று ஒரு சாரார். இல்லை, இது பைபிளின் வெளிப்படுத்தல் நூல் என்று இன்னொரு சாரார். கரிமச் சோதனை 11, 12ஆம் நூற்றாண்டுகளைக் காட்டுகிறது. பழைய தெய்வங்களும் புதிய மதமும் ஒரே வீட்டில் இருந்த காலம். நெய்த கைக்கு இரண்டும் தெரிந்திருக்கும். நாம் எதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

ஸ்வீடனிலேயே ஸ்கூக் என்ற ஊரின் தேவாலயத்தில் கிடைத்த துணியிலும் இதே வழக்குதான். மூன்று பெரிய உருவங்கள் நிற்கின்றன. பழைய தெய்வங்களான ஓடின், தோர், ஃபிரெய்ர் என்பார்கள் சிலர், மூன்று கிறிஸ்தவ மன்னர்கள் என்பார்கள் சிலர். அது ஸ்டாக்ஹோமில் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எம்ப்ராய்டரி வேண்டுமென்றால் டென்மார்க்குக்குப் போக வேண்டும். மாமென் அருகே 1868இல் திறந்த ஒரு மேட்டில், 970ஐ ஒட்டி அடக்கமான ஒரு செல்வரின் உடைகள் கிடைத்தன. காம்புத் தையலில் மனித முகங்கள், கைகள், விலங்குகள். காம்புத் தையல்தானே என்று அலட்சியமாக நினைக்கிறவர்கள் அதைப் பெரிதாக்கிய படத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: கொம்பு வைத்த தலைக்கவசம் போட்ட வைக்கிங் வீரனைத் தைக்கலாமா?

பதில்: போர்வீரனுக்கு வேண்டாம். அந்தக் கொம்பு 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் கொடுத்து ஊரெங்கும் பரவியது. ஆனால் ஒசெபெர்க் துணியில் கொம்பு வைத்த ஓர் உருவம் இருக்கத்தான் செய்கிறது. அது சடங்கில் வருகிற ஆளாக இருக்கலாம். சடங்குக் காட்சி தைத்தால் கொம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழிகாட்டும் மந்திரச் சின்னம் என்று எட்டுக் கிளை கொண்ட வெக்விசிர் வடிவத்தைத் தலையணை உறையில் தைத்திருக்கிறேன். வைக்கிங் பாரம்பரியம் என்று அட்டை எழுதி விற்கலாமா?

பதில்: வேண்டாம். அது 1860இல் எழுதப்பட்ட ஓர் ஐஸ்லாந்துக் கைப்பிரதியில் வருகிறது. ஐஸ்லாந்து மந்திரச் சின்னம் என்று எழுதுங்கள், பொய்யில்லை. வைக்கிங் குறிதான் வேண்டும் என்றால் ஸ்வீடனின் காட்லாந்து தீவில் இருக்கும் சித்திரக் கற்களைப் பாருங்கள். ஷெங்விடே கல்லில் எட்டுக் கால் குதிரை ஒன்று இருக்கிறது, ஓடின் ஏறும் ஸ்லெய்ப்னிர் என்பார்கள். எட்டுக் கால்களையும் ஒன்றோடொன்று சிக்காமல் தைப்பதே நல்ல பயிற்சி.

கேள்வி: அக்கா, படமும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். ஒரு வைக்கிங் பாட்டை மட்டும் துணியாக்க வேண்டும். வழி இருக்கிறதா?
(கவிதை எழுதும் வாசகி)

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு ஒரு கண்டு கம்பளி நூல் பரிசாகத் தரலாம். வழி இருக்கிறது. யாப்பை நெய்யுங்கள்.

அரசவைக் கவிஞர்களான ஸ்கால்டுகள் விரும்பிய யாப்பின் பெயர் த்ரோட்க்வாட். ஒரு பாடலுக்கு எட்டு அடிகள், அடிக்குப் பொதுவாக ஆறு அசை. இரண்டிரண்டு அடிகள் ஒரு சோடி. சோடியின் முதல் அடியில் இரண்டு இடத்தில் ஒரே ஓசை மோனையாக வரும். இரண்டாம் அடியின் தலையில் அதே ஓசை மூன்றாவது முறையாக வந்து பூட்டும். அதோடு ஒவ்வோர் அடிக்குள்ளும் எதுகை போல ஓர் ஒலிப்பொருத்தம் உண்டு. சோடியின் முதல் அடியில் அது அரைகுறையாக இருக்கும், இரண்டாம் அடியில் முழுசாக இருக்கும். மோனையும் எதுகையும் தாய்ப்பாலோடு கற்ற நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இதை அப்படியே கட்டங்களாக்கலாம். எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம். மோனை விழும் கட்டங்களுக்கு மஞ்சிட்டிச் சிவப்பு. முழு எதுகைக்கு அடர்நீலம், அரை எதுகைக்கு வெளிர்நீலம். மற்றதெல்லாம் சாயமிடாத கம்பளி. சிவப்பு இரண்டு, கீழே தலையில் ஒன்று, மறுபடி இரண்டு, கீழே தலையில் ஒன்று என்று தானாகவே ஒரு வடிவம் விழும். நான் இதை அட்டை நெசவில் பட்டையாகச் செய்து பார்த்தேன். படம் எதுவும் இல்லை, ஆனால் பாட்டின் எலும்பு தெரிகிறது.

இன்னும் ஒன்று. இந்தக் கவிஞர்கள் இரண்டு வாக்கியங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பின்னுவார்கள். கப்பலைக் கப்பல் என்று சொல்லாமல் கடற்குதிரை என்பார்கள். கேட்கிறவன் முடிச்சை அவிழ்த்துத்தான் பொருளைப் பிடிக்க வேண்டும். அதே காலத்து ஆட்கள் செதுக்கிய விலங்குகளைப் பார்த்தாலும் உடம்பு எங்கே, வால் எங்கே, இது யாருடைய கால் என்று தேட வேண்டியிருக்கும். பாட்டும் சித்திரமும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

கேள்வி: பாட்டிலிருந்து துணி வந்ததைச் சொல்கிறீர்கள். துணியைப் பார்த்துப் பாட்டு வந்ததுண்டா?

பதில்: உண்டு, எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆர்க்னி தீவுகள், 12ஆம் நூற்றாண்டு, கிறிஸ்துமஸ் நாட்கள். பிரபு ரோக்ன்வால்ட் நல்ல கவிஞர். சுவரில் தொங்கும் படத்துணியைக் காட்டி ஒட்டி என்ற கவிஞனிடம் சவால் விடுகிறார்: அந்தத் துணியில் இருக்கும் ஆளைப் பற்றி நான் பாடி முடிப்பதற்குள் நீயும் ஒன்று பாட வேண்டும், என் பாட்டில் வரும் ஒரு சொல்லும் உன் பாட்டில் வரக் கூடாது. இருவரும் பாடிவிட்டார்கள். பாட்டுகள் ஆர்க்னி பிரபுக்களைப் பற்றிய சாகாவில் இருக்கின்றன, துணிதான் போய்விட்டது.

எட்டா (Edda) என்னும் பழம்பாடல் தொகுப்பிலும் துணி வருகிறது. கணவன் சிகுர்த் கொல்லப்பட்ட பின் குத்ரூன் டென்மார்க்கில் தோரா என்பவளிடம் போய்த் தங்குகிறாள். துயரம் ஆற, இருவரும் பொன் நூலில் தெற்கத்தி மண்டபங்களையும் டென்மார்க்கின் அன்னங்களையும் வீரர்களையும் முகப்பு செதுக்கிய கப்பல்களையும் செய்கிறார்கள். புலம்பலுக்கு நடுவே வரும் அந்த இரண்டு மூன்று பாடல்களில் மட்டும் அழுகை இல்லை, வேலை மட்டும்தான். வோல்சுங்கா சாகாவில் சிகுர்த்தின் பழைய காதலி ப்ரின்ஹில்ட்டும் இப்படித்தான், அவன் நாகத்தைக் கொன்றதைப் பொன்னால் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அது ஆறுதலாகவில்லை, அது வேறு விஷயம்.

கேள்வி: இன்றைக்கு யாராவது பெரிய அளவில் செய்கிறார்களா?

பதில்: ஐஸ்லாந்தின் தெற்கே க்வோல்ஸ்வோட்லூர் என்ற சின்ன ஊரில், முதல் கேள்வியில் சொன்ன நியால் சாகா முழுவதையும் 90 மீட்டர் நீள லினன் துணியில் தைத்திருக்கிறார்கள். 2013இல் ஆரம்பித்து 2020இல் முடித்தார்கள். வடிவமைத்தவர் ஓவியர் கிறிஸ்டின் ரக்னா குன்னார்ஸ்டோட்டிர். தைத்தது ஊர் மக்களும் வந்து போனவர்களும். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கொஞ்சம் தைக்கலாம் என்று வைத்திருந்தார்கள்.

தையல் ரெஃபில்சவ்மூர் என்ற பழைய ஐஸ்லாந்து முறை. நார்மன் படை இங்கிலாந்தைப் பிடித்ததைக் காட்டும் 11ஆம் நூற்றாண்டின் பேயோ துணியிலும் இதே வகைத் தையல்தான். முதலில் உருவத்துக்குக் காம்புத் தையலில் கோடு. உள்ளே கம்பளி நூலை நெருக்கமாக, ஒரே திசையில் படுக்கவிட்டு நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊசி எந்த ஓரத்தில் இறங்கியதோ அதற்குப் பக்கத்திலேயே மேலே வரும், அதனால் அடிப்பக்கத்தில் நூல் வீணாகாது. பிறகு குறுக்கே சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒவ்வொரு நூலாகப் போட்டு, அதைச் சின்னச் சின்னத் தையலால் பிடித்துவைக்க வேண்டும். வேகமாக இடம் நிரம்பும். பெரிய படத்துக்கு இதைவிடச் சிக்கனமான தையல் எனக்குத் தெரியாது.

கலைஞர்களில் கெர்ஹார்ட் முந்தேயை எல்லோரும் சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் நார்வேயின் பழங்கதைகளைத் தட்டையான, அழுத்தமான நிறங்களில் வடிவமைத்தவர். அழகுதான். ஆனால் தறியில் உட்கார்ந்து நெய்தது வேறு கைகள். என் ஓட்டு ஹன்னா ரிக்கனுக்கு (1894–1970). அவர் தெய்வங்களை நெய்யவில்லை, தன் காலத்துப் போர்களை நெய்தார். நார்வேயின் ஓர்லாந்தில் ஒரு சிறு பண்ணையில், கம்பளியைத் தானே நூற்று, பாசியிலும் இலையிலும் சாயம் எடுத்து, நீலத்துக்கு விருந்தாளிகளிடமிருந்து மூத்திரம் சேர்த்துப் புளிக்க வைத்து வேலை செய்தவர். முசோலினி எத்தியோப்பியாவைத் தாக்கியதும் அதைத் தறியில் ஏற்றினார். ஒஸ்லோ அரசுக் கட்டிடத்தில் தொங்கிய அவருடைய பெரிய துணி ஒன்று 2011 குண்டுவெடிப்பில் கிழிந்து, பிறகு தைத்துச் சரிசெய்யப்பட்டது. வால்கிரிகளின் தறிக்கு நேர் வாரிசு யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன்.

கேள்வி: நிறங்கள்? எனக்கு வைக்கிங் என்றாலே சாம்பலும் பழுப்பும்தான் தோன்றுகிறது.

பதில்: அது சினிமா செய்த வேலை. சிவப்புக்கு மஞ்சிட்டிக்கு உறவான ஐரோப்பியச் செடியின் வேர். நீலத்துக்கு வோட் செடியின் இலை, அவுரியில் இருக்கும் அதே சாயம்தான். மஞ்சளுக்கு வெல்ட் என்ற செடி. மஞ்சள் மேல் நீலம் ஏற்றினால் பச்சை. ஊதாவுக்குப் பாறைப்பாசி. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் படிகாரம் போல நிறம் பிடிக்கவைக்கும் சரக்கு தேவை, நீலத்துக்குத் தேவையில்லை. ஒசெபெர்க் ஊர்வலத்தில் சிவப்புதான் ஆட்சி செய்தது. மண்ணுக்குள் ஆயிரம் வருடம் கிடந்தால் எந்தச் சிவப்பும் பழுப்பாகும். நாம் பார்ப்பது மண்ணின் நிறம்.

கேள்வி: எனக்கு இதெல்லாம் புதிது. எந்தப் பாட்டிலிருந்து தொடங்கட்டும்?

பதில்: வோலுண்ட் பாட்டின் முதல் சில வரிகளிலிருந்து. மூன்று அன்னப் பெண்கள் தெற்கிலிருந்து பறந்து வந்து, ஏரிக்கரையில் உட்கார்ந்து விலையுயர்ந்த லினன் நூற்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. கரைக்கு ஒரு கோடு, மூன்று உருவங்கள், மூன்று கதிர்கள். கோட்டுக்குக் காம்புத் தையல், நிரப்ப ரெஃபில்சவ்மூர். இறக்கைகளை எங்கே வைப்பது என்று யோசித்துத்தான் ஆக வேண்டும். நூற்கும்போது தோளில் இருக்குமா, கழற்றிப் பக்கத்தில் வைத்திருப்பார்களா? வரைந்து அனுப்புங்கள், அடுத்த இதழில் பேசலாம்.